தோழனுக்குப் பார்த்த நல்ல நேரம்

பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒன்றுகூடிப் பொதுவாக ஒரு குடிவரவுச் சட்டம் செய்தால் எப்படியிருக்கும் என்று ஜெயரட்ணத்துக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அவருடைய ஒரே மகன் தனேஸ் அந்தச் சட்டத்துக்குள்ளேதான் குடியிருந்தான். தகப்பன் வாழும் பலெர்மோ நகரின் துறைமுகத்தில் வந்திறங்கிய அன்றே இத்தாலிக்காரர் அவனுடைய பத்து விரலையும் பதிந்துகொண்டார்கள். அவன் சிநேகிதன் பேச்சைக் கேட்டுப் பாரிசுக்குப் போய் அங்கே தஞ்சம் கேட்டான். பிரெஞ்சுக்காரரும் விரலை வைக்கச் சொன்னார்கள். பலெர்மோ என்றது கணினி. நீ இத்தாலிக்குரிய ஆள், திரும்பிப் போ என்று சொல்லிவிட்டார்கள். தனேஸ் போகவில்லை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு ஒளிந்திருந்தான்.

ஒளிந்திருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் தங்கச்சி துஷாந்திக்குப் பலெர்மோவிலேயே கலியாணம் சரிவந்துவிட்டது. யாழ்ப்பாணத்துச் சைவக் கலியாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். அவன் வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவவேண்டும், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடவேண்டும், பிறகுதான் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிவரலாம். மாப்பிள்ளை வீட்டார் தனேஸின் விரல் அளவு கேட்டு மோதிரமும் செய்வித்துவிட்டார்கள்.

"அண்ணா வராட்டில் எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் அப்பா," என்று துஷாந்தி அழுதாள். சும்மா பேச்சுக்கு அழவில்லை, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு அழுதாள். தாய் யோகாம்பாள் அவளோடு சேர்ந்து அழுதாள். எப்படியும் அவனைக் கூட்டிவந்துவிடுவதென்று ஜெயரட்ணம் முடிவெடுத்தார்.

அந்தக் கிழமைதான் பலெர்மோவுக்குப் பக்கத்திலுள்ள பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச அயல்நாட்டு அதிகாரிகள் கூடினார்கள். ஜெயரட்ணமும், அவருடைய கத்தோலிக்கச் சிநேகிதன் மன்னார்க்காரன் கொன்ஸ்ரன்ரைனும் அங்கே கோப்பி பரிமாறும் வேலைக்குப் போயிருந்தார்கள். வந்தவர்களுக்குள் நல்ல ஒற்றுமை. அகதி வேறு யாருக்கோ சொந்தம் என்பதில் அத்தனை நாடும் ஒரே குரல். கத்தரிக்காய்ப் பொரியலைப் பாராட்டினார்கள், ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள், பொறுப்பைப் பகிர்வோம் என்று சொல்லி மற்றவர் பக்கம் தள்ளினார்கள். அப்போது ஒரு கண்ணாடிக்காரர் விளக்கியது ஜெயரட்ணத்தின் காதில் விழுந்தது: முதல் விரல் பதிந்த நாட்டுக்கே ஆளைத் திருப்பி அனுப்பவேண்டும், அனுப்புகிற நாடே விமானச் சீட்டும் எடுத்துக் கொடுக்கவேண்டும். "ஆனால்," என்று அவர் அடுத்ததைத் தொடங்கும்போது, கோப்பைகள் முடிந்துவிட்டன என்று ஜெயரட்ணத்தைக் குசினிக்கு விரட்டிவிட்டார்கள்.

கோப்பை கழுவக் கழுவ அவருக்கு மூளை வேலை செய்தது. திரும்பி வரும் ரயிலில் கொன்ஸ்ரன்ரைனிடம் அவிழ்த்துவிட்டார்.

"பெடியன் ஏன் காணும் கள்ளனாட்டம் பஸ்ஸிலை வரவேணும்? பிடிபட்டால் கையிலை ஒரு பேப்பரும் இல்லை. தானாப் போய்ப் பிரெஞ்சுப் பொலிசிட்டைச் சரணடையட்டும். அவங்களே பிளேனிலை ஏத்தி, பலெர்மோவிலை ராசமரியாதையோடை இறக்கிவிடுவாங்கள். இஞ்சை தஞ்ச வழக்கும் பதியலாம், கலியாணத்துக்குத் தோழனும் ஆச்சு!"

"நல்ல யோசினைதான். அப்ப திங்கக்கிழமையே போகச் சொல்லும். அந்த ஆள் ஏதோ ஆனால் எண்டவர், அது என்ன கோதாரியோ தெரியாது," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

"திங்களோ? விசரே உமக்கு? அட்டமி. செவ்வாய் நவமி. நீர் வேதக்காரன், உமக்கு இது விளங்காது. நல்ல காரியத்துக்கு நாள் பார்க்க வேண்டாமோ?"

இருபது வருடமாக இத்தாலியில் இருக்கிறார், பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனாலும் இராகுகாலம் கழிய விட்டுத்தான் கெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலக வாசலில் வரிசைக்கு நிற்பார். இதை விடுவாரா? அன்றைக்கே இணுவில் சாத்திரியாரைத் தொலைபேசியில் பிடித்தார். மகனுக்கு வெளிநாட்டிலே பொலிஸ் அலுவல், நேரம் பாருங்கோ என்றார். சாத்திரியார் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஐரோப்பா முழுவதும் அவருக்கு ஆட்கள் உண்டு. எல்லோரும் கேட்பது ஒன்றுதானே, ஆளைத் திருப்பி அனுப்பிவிடக்கூடாது!

"வெள்ளிக்கிழமை காலமை போகச் சொல்லும். அசையாத லக்கினம். அந்த நேரத்திலை போனால் ஆளை அந்த மண்ணிலையிருந்து எந்தக் கொம்பனாலையும் அசைக்க ஏலாது."

ஜெயரட்ணம் மனம் குளிர்ந்துபோனார். சாத்திரியார் என்ன சொன்னார் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. நல்ல நேரம் கிடைத்த சந்தோசத்தில் கபோச் சந்தைக்குப் போய் மகனுக்குப் பிடிக்குமென்று ஒரு பெரிய மீன் வாங்கிவந்து குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை தனேஸ் விபூதி பூசிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கே போய்ச் சரணடைந்தான். பின்னேரம் தொலைபேசி அடித்தது.

"அப்பா, என்னை அனுப்பமாட்டாங்களாம்."

"என்னடா சொல்லுறாய்? அவங்கடை சட்டமெல்லோ!"

"ஓம் அப்பா, சட்டம்தான். ஒளிச்ச ஆளைப் பதினெட்டு மாசத்துக்குள்ளை அனுப்பவேணுமாம். விட்டால் ஒளிச்சிருந்த நாட்டுக்கே ஆள் சொந்தமாம். எனக்குப் புதன்கிழமையோடை தவணை முடிஞ்சுதாம். வாழ்த்துக்கள், இனி நீ எங்கடை ஆள் எண்டு கை தந்தவங்கள். வழக்கு முடியுமட்டும் நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாதாம். வெளிக்கிட்டால் எல்லாம் போச்சு."

ஜெயரட்ணம் விரல் மடித்து நாள் எண்ணினார். பிடிக்கத் துரத்தியபோது ஒளிந்தவனை, தானாக வந்து நின்றபோது அனுப்ப மறுக்கிறார்கள். திங்கட்கிழமை போயிருந்தால் ஏற்றியிருப்பார்கள். ஊரெல்லாம் அவருக்கு வாழ்த்துச் சொன்னது. பெடியனுக்குப் பிரான்சு கிடைக்கப் போகுது, நீர் அதிர்ஷ்டக்காரன் ஐயா என்றார்கள். அவருக்கோ, நாள் பார்த்த தன் வாயை அறுக்கவேண்டும்போல இருந்தது.

கலியாணத்தை நிறுத்த மாப்பிள்ளை வீட்டார் சம்மதிக்கவில்லை, மண்டபம் பிறகு கிடைக்காது என்றார்கள். "அண்ணாவின்ரை வழக்கை என்ரை கலியாணத்துக்காகக் கெடுக்காதேங்கோ," என்று துஷாந்தியே கடைசியில் சொன்னாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கலியாணத்தன்று தோழனாக நின்றது கொன்ஸ்ரன்ரைனின் மகன் பிறின்ஸ். வேதக்காரப் பெடியன், வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளையின் காலைப் பயபக்தியோடு கழுவினான். மாப்பிள்ளை மோதிரத்தைப் போட்டார். தனேஸின் அளவு அது. பிறின்ஸின் மெல்லிய விரலில் நில்லாமல் வழுகியது. விழாமல் இருக்க அவன் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டான்.

யோகாம்பாள் அந்தப் பொத்திய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புருசன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ, பத்து விரலையும் இந்த ஊரிலைதானே எடுத்து வைச்சிருக்கிறாங்கள். ஒண்டையெண்டாலும் தரச் சொல்லிக் கேளுங்கோவன், என்ரை பிள்ளையின்ரை மோதிரத்தைப் போட."

உள்ளே ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், நல்ல நேரம் தப்பப் போகுதாம்.