கன்னையனின் இருமல்

கன்னையன் செத்து ஒன்றே முக்கால் வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மலை ஏறிக்கொண்டிருந்த ஜீப்புக்குள் அவனுடைய இருமல் கேட்டது. குட்டையாக இரண்டு, பிறகு கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல நீளமாக ஒன்று. ஆயிரம் இருமலுக்கு நடுவிலும் சூர்யகலா அதைப் பிரித்துச் சொல்வாள். எட்டு மாதம் அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த பெண்டாட்டி அவள். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மழைக்காகப் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தார்கள். உள்ளே பதினாறு பெண்கள், ஏலக்காய் பறிக்கப் போகிறவர்கள், ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். இருமியது அவள்தான்.

"என்னத்தா, தொண்டையில ஏதும் சிக்கிருச்சா?" என்றாள் பக்கத்தில் இருந்த சுப்புத்தாய்.

"ஆமாக்கா, தூசி."

கொட்டுகிற மழையில் ஏது தூசி? கேட்டவளுக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும். முன்னால் டிரைவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு கியரை மாற்றினான். தொடர்ந்து இருமுகிறவர்களை அவன் ஏற்ற மாட்டான்.

மறுநாளிலிருந்து ஜீப்பில் ஏறியதும் இரண்டு ஏலக்காயை வாயில் அடக்கிக்கொண்டாள். போடிமெட்டு வரும்வரை அந்தக் காரம் தொண்டையைப் பிடித்து வைக்கும். தோட்டத்துக்குப் போய்விட்டால் செடிகள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கின்றன, மறைவில் போய் ஆசை தீர இருமிக்கொள்ளலாம். என்ன சாமர்த்தியம் பாருங்கள். இதில் பாதி சாமர்த்தியத்தை ஆஸ்பத்திரிக்குப் போவதில் காட்டியிருக்கலாம்.

கன்னையன் விஷயத்திலும் அவள் இப்படித்தான் கெட்டிக்காரியாக இருந்தாள். மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவனுக்கு வேலை. பறித்த காயை அறையில் பரப்பி, கதவை இறுகச் சாத்திச் சூடேற்ற வேண்டும். வெளிச்சமும் காற்றும் புகுந்தால் காயின் பச்சை வெளுத்துவிடும். அவன் இருமத் தொடங்கியபோது சூர்யகலா அதே பக்குவத்தை அவனுக்கும் செய்தாள். தோட்டக் கூலிகளுக்கான லயத்து வீட்டின் ஒற்றைச் சன்னலில் சாக்கைத் திணித்து அடைத்தாள். கணப்பு மூட்டினாள். உள்ளே ஈரம் உலர்ந்தால் சளி போய்விடும் என்று நினைத்தாள். காய் பச்சை மாறாமல் வந்தது, மனுஷன்தான் வெளுத்துப்போனான். டிபி என்று தெரிவதற்குள் அது நெஞ்சை முக்கால்வாசி அரித்திருந்தது. அவன் போனபோது அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள்.

அப்போதே போடி ஆஸ்பத்திரி ரேணுகா நர்சு சொன்னாள். "பிரசவம் முடிஞ்சதும் வந்துரு சூர்யா. படம் எடுத்துப் பாத்துட்டு மாத்திரை தர்றேன். ஒனக்குள்ளயும் எறங்கியிருக்கும்."

குழந்தை பிறந்தது. சூர்யகலாவுக்குக் காய்ச்சல் இல்லை, சளி இல்லை. இல்லாத நோய்க்கு எதற்கு மாத்திரை என்று இருந்துவிட்டாள். மலையை விட்டு இறங்கி, போடியில் கன்னையனின் தங்கை பொன்னுமணி வீட்டோடு வந்து சேர்ந்தாள். பொன்னுமணி வீட்டிலிருந்தே ஏலக்காய் தரம் பிரிப்பவள். குழந்தை மகிழினியை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

ஜீப்பில் இருமிய ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பொன்னுமணி போட்ட சத்தத்தில் சூர்யகலா துவைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"மதினி, வெரசா வாங்க! இந்தப் புள்ளயப் பாருங்க!"

ஏலக்காய்ச் சுளகுக்கு முன்னால் மகிழினி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. வாயைக் குவித்தாள். குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

"எங்கண்ணே மதினி! அப்படியே எங்கண்ணே!" பொன்னுமணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "செத்து நாலு மாசங் கழிச்சுப் பெறந்த புள்ள, அந்தச் சத்தத்த எங்க போயிக் கேட்டுச்சு? அண்ணேதான் வந்து பெறந்திருக்கு!"

கன்னையன் படத்துக்கு முன் சூடம் ஏற்றினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் கூடினார்கள். எல்லோரும் சிரிக்கவும் குழந்தைக்கு உற்சாகம் தாங்கவில்லை, மறுபடியும் இருமிக் காட்டியது.

 குழந்தை எங்கே கேட்டது என்று சூர்யகலாவுக்கு மட்டும் தெரியும். விடிந்தும் விடியாமல், பொன்னுமணி தண்ணீருக்குப் போயிருக்கும் நேரத்தில், ஜீப்புக்குக் கிளம்புமுன், மாரோடு அணைத்துக்கொண்டு அவள் இருமியதைத்தான் கேட்டது. வாயைத் திறந்தால் ஜீப்பு போகும், மடியிலிருந்து பிள்ளை போகும், பொன்னுமணியின் அண்ணனும் இரண்டாம் தடவையாகப் போவான். திறக்காவிட்டால்? இன்றைக்கு விளையாட்டாக இருமுகிற பிள்ளை என்றைக்கு நிஜமாக இருமும்?

"அண்ணே இல்ல பொன்னு," என்றாள். "நானு. எங்கிட்டத்தான் கத்துக்கிட்டா. நாப்பது நாளா இருமுறேன்."

 பொன்னுமணி சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டு முதல் காரியமாகக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அது சரிதான். ஆனாலும் குழந்தையின் பக்கம் நீட்டிய கையை சூர்யகலா பாதியில் மடக்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சோதித்தபோது சளியில் கிருமி இருந்தது. ரேணுகா திட்டவில்லை, உட்காரவைத்துப் பேசினாள். கன்னையன் இருமிய காலத்திலேயே அது உள்ளே போய்விட்டதாம். உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டதாம்.

"அடைச்சா செத்துராதுங்களா?"

"வேற கிருமின்னா செத்துரும். இது காத்து கொறையுறதக் கண்டுபிடிச்சுக்கும். திங்கிறதக் கொறச்சுரும், பெருகுறத நிறுத்திரும். சும்மா கெடக்கும், வருசக்கணக்கா. ஒடம்பு எப்பத் தளருதோ அப்ப எந்திரிக்கும். புள்ளயப் பெத்து, பாலக் குடுத்து, மலை ஏறி எறங்கி நீ எளச்ச பாரு, அது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

சாக்கு திணித்த சன்னல் சூர்யகலாவின் கண்முன் வந்தது. அடைத்து வைத்தால் அடங்கும் என்று நம்பியது அவள் மட்டுமல்ல, அவள் உடம்பும்தான்.

"அவரு நெஞ்சுல இருந்ததுதானா இது?"

"அதேதான். இல்லாட்டி அதோட வாரிசு."

 செத்தவனைச் சுடுகாட்டில் விட்டுவந்ததாக நினைத்திருந்தாள். அவன் இத்தனை நாளும் அவளோடு ஜீப்பில் ஏறி இறங்கியிருக்கிறான்.

குழந்தைக்கு எல்லாச் சோதனையும் செய்தார்கள். நோய் இல்லை. ஆனாலும் வராமலிருக்க ஆறு மாதம் தினமும் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். மருந்து பிடிக்கிறவரை சூர்யகலா முகத்தை மூடிக்கொண்டு தனி அறையில் படுக்க வேண்டும், சன்னல்கள் திறந்தே இருக்க வேண்டும். பொன்னுமணி ஒரு சன்னலின் கதவையே கழற்றி வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையில் மகிழினி முற்றத்தில் நின்று அந்தச் சன்னலைப் பார்த்தாள். அம்மாவைக் கூப்பிட அவளுக்குப் பிடித்த வழி அதுதான். வாயைக் குவித்தாள். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. பதிலுக்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள்.

சூர்யகலாவின் நெஞ்சுக்குள் அது எழுந்தது. முதல் இரண்டும் தொண்டைவரை வந்துவிட்டன. முகமூடிமேல் முந்தானையை வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது.

கன்னையனுக்கு மகளோடு பேச ஆசை. அவள் விடவில்லை.