மணிக்குத் தொண்ணூற்றாறு

பதினாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளின் கையில் அன்று காலை ஒரு தாளைக் கொடுத்தார்கள். நேற்றுக் கடைத்தெருவில் மணிக்குத் தொண்ணூற்றாறு கிலோமீட்டரில் பறந்தாளாம். ஐம்பதைத் தாண்டினால் வேலை போய்விடும். அந்தக் கிழட்டு வண்டி தொண்ணூற்றாறு போக வேண்டுமென்றால் மலை உச்சியிலிருந்து உருட்டிவிட வேண்டும். சொன்னால் யார் கேட்பது?

அவளுக்கு அழுகை முட்டியது. நாத்தனாருக்குப் போன் போட்டாள். பேருந்துகளில் ஜிபிஎஸ் கருவி பொருத்துகிறவள் நாத்தனார்தான். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அரை மணி நேரத்தில் வந்து நின்றாள்.

பள்ளிப் பேருந்துகளின் மேலாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார். வண்டி போன வழியெல்லாம் புள்ளிகள்.

"ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எவ்வளவு தூரம், எத்தனை செகண்டு. வகுத்தா வேகம். நானே போட்ட கணக்கு சார் இது," என்று பக்கத்து மேசைக்காரரிடமும் பெருமையடித்துக்கொண்டார்.

"மத்தியானம் பன்னிரண்டரைக்கும் வகுத்துப் பாருங்க," என்றாள் நாத்தனார்.

வகுத்தார். நாற்பத்தொன்று வந்தது.

"நேத்து அந்த நேரத்துல அண்ணி கடைத்தெருவுல வண்டியை நிறுத்திட்டுச் சாப்பிட்டுட்டு இருந்தாங்க."

மேலாளர் மூக்கைச் சொறிந்தார்.

"உயரமான கட்டிடத்துல சிக்னல் பட்டுத் திரும்பி வந்தா புள்ளி அங்கயும் இங்கயும் தாவும் சார். கருவி வேகத்தைப் புள்ளியை வச்சுப் பார்க்கறதில்ல. ஹாரன் அடிச்சிட்டே வண்டி கிட்ட வந்தா சத்தம் கீச்சுன்னு ஏறும், தள்ளிப் போனா இறங்கும்ல? அதே மாதிரி ஒவ்வொரு செயற்கைக்கோள் சிக்னலும் எவ்வளவு ஏறுது, இறங்குதுன்னு பார்த்து வேகத்தைத் தனியா எழுதி வைக்கும். வானம் நல்லா தெரிஞ்சா மணிக்கு அரை கிலோமீட்டர்கூடப் பிசகாது. கட்டிடத்து நடுவுல கொஞ்சம் பிசகும், ரெண்டு மடங்கெல்லாம் ஆகாது. பட்டியல்ல அந்த வேகம் இருக்கற பத்தியைத்தான் நீங்க மறைச்சு வச்சிருக்கீங்க."

மறைந்திருந்த பத்தியைத் திறந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பூஜ்யம். தொண்ணூற்றாறு என்றிருந்த இடத்தில் நாற்பத்தேழு. ஓட்டுநருக்கு உயிர் திரும்பி வந்தது. வந்த சந்தோஷத்தில் வாயை அடக்கத் தெரியவில்லை.

"ஆனா சார், அந்த இடத்துல ஸ்பீடோமீட்டர் முள்ளு சரியா ஐம்பதுல நின்னுச்சே."

மேலாளர் நிமிர்ந்தார். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வண்டி முள்ளு எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும் அண்ணி. நீங்க ஐம்பதுன்னு நினைச்சு நாற்பத்தேழுலயே போயிட்டு இருந்திருக்கீங்க."

"பதினாறு வருஷமாவா?"

மூவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்தபடியே அவள் மேலாளரிடம் கேட்டாள்.

"அப்போ மூணு ஏத்திக்கலாமா சார்?"

"ஏத்திக்கங்கக்கா."

அன்று மாலை முள் ஐம்பத்து மூன்றைத் தொட்டபோது அவள் முதல்முறையாக ஒரு குப்பை வண்டியை முந்தினாள். பின்னாலிருந்த நாற்பது பிள்ளைகளும் எழுந்து கைதட்டினார்கள்.