மேட்டுத் தண்ணீர்

"இன்னாங்க, தண்ணி கேன் இன்னும் வரல. பாஷா ஆட்டோ ரிப்பேராம். மாப்ள வீட்டாரு தெருமொனைக்கு வந்துட்டாங்க."

சுந்தரியின் கையில் காலிச் சொம்பு. உள்ளே மகள் சங்கீதாவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். 'ஊர்த் தண்ணி சரியில்ல' என்று ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போன பெண். அவள் புருஷன் சம்பத் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் இருக்கலாமா? ஊர்த்தெருக்காரர்கள் தோல் பதனிடும் ஷாப்புக்கு நிலத்தை விட்டு வாடகை வாங்கினார்கள். காலனிக்காரர்கள் அதன் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை மிதித்தார்கள். வாடகை நாறவில்லை, மிதித்தவர்கள்தான் நாறினார்களாம். ஷாப்பை மூடி வருஷக்கணக்காகிறது. கழிவு மட்டும் காலி செய்யாமல் ஊர்த்தெருக் கிணறுகளில் குடியிருக்கிறது. காலனிக்கு அந்தத் தொல்லை இல்லை. தீட்டு ஒட்டக் கூடாதென்று அவர்களைப் பாறைமேட்டுக்குத் தள்ளிவைத்தது ஊர்ப் பெரியவர்கள்தான். கழிவுக்கு மேடேறத் தெரியவில்லை.

மேட்டில் அமிர்தவள்ளி போர் போட்டு, கேனில் நிரப்பி விற்கிறாள். ஊர்த்தெரு அதைத்தான் குடிக்கிறது. ஆனால் நேராக வந்தால் ஆகாது. பாஷாவின் ஆட்டோவில் ஏறி, பைபாஸைச் சுற்றி, கோயில் பக்கமாக நுழைந்தால் அது ஆம்பூர் டவுன் தண்ணீர் ஆகிவிடும்.

இன்று சுற்ற நேரமில்லை. சம்பத் போன் போட்டார். அமிர்தவள்ளியின் மகள் ஜாஸ்மின் ஸ்கூட்டியில் இரண்டு கேனோடு நேராக வந்து இறங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் அதற்குள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாவம், வெயில்ல தூக்கினு வந்துக்குது. அதுக்கு மொதல்ல குடிக்கக் குடுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா பரணிதரன். வெளியூர்க்காரர், விவரம் தெரியாது.

தட்டில் வெள்ளி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. சுந்தரி உள்ளே போய்த் தேடி ஒரு பேப்பர் கப் எடுத்துவந்து, கேனைத் திறந்து ஊற்றி நீட்டினாள்.

ஜாஸ்மினுக்கு அவமானத்தில் முகம் சுண்டிப்போனது.

"எங்க தண்ணி. எனக்கு மட்டும் பேப்பர் கப்பாக்கா?"

"விசேஷ வீட்ல பேஜார் பண்ணாதம்மா" என்றார் சம்பத் தணிந்த குரலில். "கப்பு புதுசுதான்."

"அப்ப கப்ப நீங்களே வெச்சுக்கோங்கண்ணா."

கேன்களை மூடி ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

பரணிதரனுக்கு ஒன்றும் புரியவில்லை, நாக்கு வறண்டதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் சம்பத் வெள்ளி டம்ளரில் வீட்டுக் கிணற்றுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்தார். காலனி வாடையே படாத, குலம் கோத்திரமெல்லாம் சுத்தமான தண்ணீர். பரணிதரன் ஒரு வாய் குடித்தார், வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பினார். அப்படியே செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் அந்தப் பொண்ணால வந்தது" என்று சம்பத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

பட்டுப்புடவையோடு சங்கீதா வெளியே வந்து வாசற்படி இறங்கினாள்.

"எங்கடி போற?" என்றாள் சுந்தரி.

"தாகமா இருக்குதும்மா. ஜாஸ்மின் வீட்ல குடிச்சிட்டு வர்றேன்."