கண் மூடாத ஒரே படம்

அப்பாவின் கண்ணைத் திறப்பதற்குள் சின்னவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கணினித் திரையில் இடது இமையை அழித்துவிட்டு அங்கே ஒரு விழியை வரைந்தாள். யாரோ போல இருந்தது. வலதையும் வரைந்தாள். யாரோ இரண்டு பேர் போல இருந்தது.

"ஆச்சா?" அறை வாசலில் அக்கா வந்து நின்றாள்.

"ஆகல."

"நாலு மணிக்கு வண்டி வந்துரும்டி. வாசல்ல வைக்க ஒரு படம் இல்லாம எப்படி? வர்றவங்கல்லாம் கேக்குறாங்க."

"கண்ண மூடாம இருக்குற ஒரு போட்டோ குடு. அஞ்சே நிமிஷத்துல முடிச்சுத் தர்றேன்."

அக்கா திரும்பிப் போய்விட்டாள். அப்படியொரு போட்டோ வீட்டில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அப்பா காலையில்தான் போனார். குளியலறைக் குழாயை யார் சரியாக மூடாமல் வந்தது என்று கத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு, வலிகூடத் தெரிந்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். இப்போது கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறார். அங்கேயும் கண் மூடித்தான் இருக்கிறது. அதற்காக யாரும் அவரைக் குறை சொல்லாதது இதுதான் முதல் தடவை.

கேமராவைப் பார்த்தால் போதும், சரியாக அந்த நொடியில் இமை விழுந்துவிடும். கல்யாணப் படத்தில் அம்மா ஒரு தூங்குகிற மனிதருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அக்காவின் பட்டமளிப்பு விழாவில் அவர் கண்ணை மூடித் தியானம் செய்கிறார். அடையாள அட்டைக்குப் படம் எடுத்த ஊழியர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, பாதிக் கண்ணோடு ஆளை விட்டால் போதும் என்று அனுப்பிவிட்டார். ஒவ்வொரு தடவையும் அப்பா மற்றவர்களைத்தான் திட்டுவார். எடுக்கத் தெரியவில்லை, எடுக்கும் முன் சொல்லவில்லை, எடுப்பதாகச் சொல்லிப் பயமுறுத்திவிட்டார்கள்.

உயிரோடு இருக்கும்போது இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். செத்துப்போனவரின் படத்தில் கண் மூடியிருந்தால் அதைப் பார்க்கவே முடியவில்லை.

போட்டோவைக் கோட்டோவியமாக மாற்றிக் கொடுப்பது சின்னவளின் தொழில். கல்யாண ஜோடிகள், பிறந்த குழந்தைகள், நாய், பூனை என்று எல்லாம் வரும். வெறும் கறுப்புக் கோடுகளில் ஆளைக் கொண்டுவந்துவிடுவாள். அப்பாவுக்கு மட்டும் அது கடைசிவரை பிடிபடவில்லை. "நல்லா இருக்குற போட்டோவக் கெடுத்துக் குடுக்குறதுக்கு இவளுக்குக் காசு வேற குடுக்குறானா?" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

"இத பாரும்மா." அத்தை உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் யோசனை சொல்லும் பழக்கம் மட்டும் வீங்காமல் அப்படியே இருந்தது. "எனக்கும் அண்ணனுக்கும் ஒரே கண்ணுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. என் கண்ண எடுத்து வெச்சுக்கோ."

"அத்தை, அப்படியெல்லாம் வைக்க முடியாது."

"ஏன் முடியாது? யார் யாரு மண்டைய யார் யாரு உடம்புல வைக்குறாங்க. கண்ணு என்ன பெரிய கண்ணு!"

சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது சுலபம். சின்னவள் கைபேசியில் அத்தையின் முகத்தைப் படமெடுத்து, கண்களை மட்டும் வெட்டி, அப்பாவின் மூக்குக்கு இருபுறமும் பொருத்தினாள். 

"ஐயோ, தத்ரூபமா இருக்கு!" என்று அத்தை அழ ஆரம்பித்தாள்.

எட்டிப் பார்த்த அக்கா சொன்னாள். "அத்தைக்கு மீசை வெச்ச மாதிரி இருக்கு."

"அவளுக்கு என்ன தெரியும்? நீ இதையே அச்சடி."

"கொஞ்சம் வெளிய இருக்கீங்களா ரெண்டு பேரும்?" சின்னவளின் குரல் கூடம்வரை போயிருக்க வேண்டும். அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது என்று அங்கே யாரோ சொன்னார்கள். அது அவள் எரிச்சலை இன்னும் கூட்டியது.

அக்கா போகவில்லை. தன் கைபேசியை நீட்டினாள். "ஒண்ணு இருக்கு. பழைய போன்லேர்ந்து வந்தது. ஆனா திட்டாத. இதுல கத்துறாரு."

சின்னவள் வாங்கிப் பார்த்தாள். எந்த நாள் என்று உடனே தெரிந்துவிட்டது. 

அவள் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட நாள். படத்தின் ஓரத்தில் வண்டியின் பின்சக்கரம் மட்டும் கலங்கலாக இருந்தது. அதைப் பிடிக்கக் கையை நீட்டியபடி அப்பா ஓடிவருகிறார். ஒரு காலில் செருப்பு இல்லை. வாய் பிளந்திருக்கிறது. கேமரா இருப்பதே தெரியாததால் கண் நன்றாகத் திறந்திருக்கிறது. அடுத்த நொடி அவள் எதிர்வீட்டுச் சுவரில் மோதி விழுந்தாள். தெருவே வேடிக்கை பார்க்க அப்பா கத்தினார். "பிரேக்கப் பிடின்னா பிடிக்கணும்! உனக்கெல்லாம் எதுக்குடி வண்டி?" முழங்கால் எரிச்சல் சீக்கிரமே ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை.

அன்றிலிருந்து நேற்று மாலைவரை, அவள் வண்டியை எடுக்கும்போதெல்லாம் அவர் வாசல் கதவுவரை வந்து அதையே கத்துவார். "பாத்துப் போ! பிரேக்கப் பிடிச்சுப் போ!" அவள் காதில் விழாதபடி வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். தன்மேல் அவருக்குக் கோபத்தைத் தவிர வேறு எதுவும் இருந்ததாக அவளுக்குத் தெரியாது. இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

படத்தை அச்சுக்கடைக்காரருக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டார். "இத வாசல்ல வைக்குற சைஸுக்குப் பெருசாக்கினா கட்டம் கட்டமாத் தெரியும்மா. ஆளே தெரிய மாட்டாரு."

"கோட்டுல வரைஞ்சு தந்தா?"

"அப்ப எவ்ளோ பெருசு வேணாலும் போடலாம். மூணரைக்குள்ள அனுப்பிருங்க."

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினாள். அதன் மேல் அதே படத்தை நிறம் தலைகீழாக்கி வைத்து, லேசாக மங்கவைத்தாள். மற்றதெல்லாம் வெளுத்துப்போய் விளிம்புகள் மட்டும் எஞ்சின. அவற்றின் மேல் கண்ணாடித் தாள் போல் ஒரு புதிய லேயரை விரித்து, அதில் பேனாவால் ஒவ்வொரு கோடாக இழுத்தாள். காது, நெற்றி மடிப்பு, மீசை. கடைசியாகக் கண்கள். இந்தத் தடவை யாரோ போல இல்லை. அப்பாவேதான். பிளந்த வாயோடு அவளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"இதையா வைக்கப் போறே?" அத்தை பதறினாள். "துக்கத்துக்கு வர்றவங்கள வாசல்லயே நிக்க வெச்சுத் திட்டுற மாதிரி இருக்கு. வாய மூடிவிடும்மா, புண்ணியமாப் போகும்."

இதுவும் நியாயமாகத்தான் பட்டது. வாயைத் தனி லேயரில்தான் வரைந்திருந்தாள். அதை மறைத்துவிட்டு, கல்யாணப் படத்தைப் பார்த்து மூடிய உதடுகளை வரைந்தாள். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

திரையில் இருந்தவர் கோபமாக இல்லை.

என்ன தப்பு செய்தோம் என்று பெரிதாக்கிப் பார்த்தாள். கண்களில் ஒரு கோட்டைக்கூட அவள் மாற்றவில்லை. திறந்த வாயைத் திரும்பக் கொண்டுவந்தாள். கத்தினார். மறைத்தாள். பயந்துபோய் நின்றார். கொண்டுவந்தாள். மறைத்தாள். அதே கண்தான். எதையோ கையிலிருந்து நழுவவிட்டுவிட்ட மனிதரின் கண். இத்தனை வருஷமும் அவள் அந்த வாயை மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"அந்தக் குழாய் இன்னும் சொட்டுது." அம்மா உள்ளே வந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. குளியலறைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். "எவ்வளவு இறுக்கினாலும் நிக்கல. ஒரு மனுஷன் கத்துனாரேன்னு யாராவது சரிபண்ணாங்களா?"

"அம்மா, இங்க பாரு. ரெண்டுல எது வைக்கட்டும்?"

அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடவில்லை. திரைக்கு அருகில் குனிந்தாள். சின்னவள் திறந்த வாயைக் காட்டினாள், பிறகு மூடிய வாயை. மூடியதைக் கண்டதும் அம்மாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"இத எங்கேர்ந்து புடிச்ச?"

"நானா வரைஞ்சதும்மா. வாய மட்டும் மூடினேன்."

"நீ வண்டிய எடுத்துட்டுத் தெருமுனை திரும்புவ பாரு, அதுக்கப்புறம் இந்த மூஞ்சியோடதான் உள்ள வருவாரு. தினமும். நீ போய்ச் சேர்ந்துட்டேன்னு போன் பண்ற வரைக்கும் இதே மூஞ்சி. சாப்பிடக்கூட மாட்டாரு, எனக்கு எரிச்சலா வரும்."

அத்தை மூக்கைச் சிந்தினாள்.

"அப்ப இதையே வைக்கட்டுமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"வேணாம்." அம்மா நிமிர்ந்தாள். "இது எனக்குத் தெரிஞ்சாப் போதும். ஊருக்குத் தெரிஞ்சது அந்தக் கத்துறவருதானே? அவரையே வெய்யி."

"அண்ணி, வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் அத்தை.

"கரெக்டான வீட்டுக்குத்தான் வந்திருக்கோம்னு நினைப்பாங்க."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்த வாயை உடனே கையால் பொத்திக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். அம்மா மறுபடி குளியலறைக்குப் போனாள்.

சின்னவள் இரண்டையும் தனித்தனியாகச் சேமித்தாள். கத்துகிறவரை அச்சுக்கடைக்கு அனுப்பினாள். மற்றவரைத் திரையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். கண்கள் எரிந்தன.

"வாங்கிட்டு வர எங்க வீட்டுக்காரர அனுப்பட்டுமா? கார் சும்மாதான் நிக்குது" என்றாள் அக்கா.

"வேணாம், நானே போறேன்."

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. அவற்றைத் தாண்டி ஸ்கூட்டரை வெளியே தள்ளிக் கிளப்பினாள். கதவருகே வண்டி தானாக நின்றதா, அவள் நிறுத்தினாளா தெரியவில்லை. கூடத்திலிருந்து வெறும் முணுமுணுப்பு மட்டும் வந்தது. திரும்பிக் கதவைப் பார்த்தாள். பிறகு கிளம்பினாள்.

தெரு காலியாகத்தான் இருந்தது. முனை வருவதற்கு வெகு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, மணியடித்தபடி அவளைத் தாண்டிப் போனார்.