சுச்சி டாரா

உம்மாவுக்குக் காலையில் கணுக்கால்தான் மரத்திருந்தது. மதியம் முழங்காலைத் தாண்டிவிட்டது.

"உடம்பே நரம்பைத் தாக்குது. மேல ஏறும். மூச்சைப் பிடிக்கிறதுக்கு முன்னால நிறுத்தணும்," என்றார் டாக்டர் சுகுமாறன். ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். உம்மா துணி அளக்கிறவள் போலத் தொடங்கினாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

"ஒண்ணு எங்கம்மா?" தாதி சந்திரகலா சிரித்தாள்.

"யாவாரத்துல ஒண்ணு சொல்லமாட்டோம் மிஸ்ஸி."

இருபதைத் தாண்டிய பிறகே நிறுத்தினாள்.

இரண்டு வழி என்றார் டாக்டர். ஊசி மருந்து, இருபத்தெட்டாயிரம் ரிங்கிட். அல்லது ரத்தத்திலிருக்கும் நீரை மாற்றுவது, பதினாலாயிரம். பலன் ஏறக்குறைய ஒன்றுதான், எதுவானாலும் இன்றே. சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மகள் மெஹ்ரினிடம் பதினைந்தாயிரம் இருந்தது. கிள்ளானிலிருக்கும் தங்கள் துணிக்கடைக்குப் பெருநாள் சரக்கு எடுக்க வைத்திருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இடமில்லை, கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"மிஸ்ஸி, அந்த ரெண்டாவது என்னது?"

"சுச்சி டாரா மாதிரிதான் லா அக்கா. மெஷின்ல சுத்தம் பண்ணித் திரும்ப ஏத்துவாங்க." சந்திரகலா தள்ளுவண்டியோடு ஓடினாள்.

சுச்சி டாரா. ரத்தம் கழுவுவது. சிறுநீரகம் போனபின் வாப்பாவுக்கு வாரம் மூன்று முறை கழுவினார்கள். மௌத்தாகும்வரை கழுவினார்கள்.

கட்டிலில் கிடந்த உம்மாவின் காதிலும் விழுந்துவிட்டது.

"வேணாம் புள்ள. அதுல ஒரு தடவ படுத்தா விடாது. ஒங்க வாப்பாவ விட்டுச்சா?"

மெஹ்ரின் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்தாள். பதினாலாயிரம், மறுபடி பதினாலாயிரம், உம்மா இருக்கும்வரை. அப்படிப் பார்த்தால் ஊசிதான் மலிவு.

"ஊசியே போடுங்க," என்றாள் கவுண்டரில். முழுப் பணம் கட்டினால்தான் மருந்து வரும் என்றார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் உம்மாவின் தம்பி சஃப்வான் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். சாலை நகரவேயில்லை. மீதிப் பதிமூவாயிரம் கேட்டு அவள் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

"பேங்க் தொறக்கட்டும், தரேன். பயப்படாத லா. என்னைய ஏசுறதுக்கே ஒங்க உம்மா இன்னும் இருவது வருஷம் இருப்பா."



காலையில் பேங்க் திறந்ததும் மெஹ்ரின் பணப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். உம்மாவின் கைகள் போர்வைமேல் வேறு யாருடையவையோபோல் கிடந்தன.

டாக்டர் தாளைப் புரட்டினார். "ரத்தத்து நீர மாத்துறத ஏன் வேணாம்னீங்க? மெஷின் நேத்தே காலியா இருந்துச்சே."

"ஆயுசுக்கும் செய்ய முடியாது டாக்டர்."

"ஆயுசுக்கா? யார் சொன்னா? அஞ்சு தடவ. அதோட முடிஞ்சது. அந்தப் பதினாலாயிரம் அஞ்சுக்கும் சேர்த்துத்தான்."

சந்திரகலா நிமிர்ந்து பார்த்தாள். "நான் மாதிரின்னுதான் சொன்னேன் அக்கா..."

மெஹ்ரின் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நேற்றே, கையிலிருந்த பணத்திலேயே தொடங்கியிருக்கலாம்.

"எதையாவது தொடங்குங்க டாக்டர்."

"தொடங்கிடலாம். முதல்ல மூச்சப் பாக்கணும்." அவர் குனிந்தார். "அம்மா, எண்ணுங்க."

"லாபம்," என்றாள் உம்மா. குரல் நூலாக இருந்தது. "ரெண்டு. மூ..."

டாக்டர் திரும்பி எதையோ உரக்கக் கேட்டார். காலடிகள் ஓடிவந்தன. கட்டிலின் தடுப்பை இறக்கினார்கள். மெஹ்ரினை ஓரமாகத் தள்ளினார்கள்.

சுவரோடு ஒட்டி நின்று, "மூணு," என்றாள் அவள். "நாலு. அஞ்சு." அவளை யாரும் எண்ணச் சொல்லவில்லை. மூச்சை விடாமல் எண்ணிக்கொண்டிருந்தாள்.