காய் வாடாத கட்டடம்

மழைக்காலத்தின் தொடக்கத்தில் காஜாக்காவின் வீட்டுக்கு வந்த கீரைக்கட்டு, வெயில் காலம் பிறந்த பிறகும் வேரில் ஈரத்தோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் தக்காளி, பீன்ஸ், ஒரு கீற்றுப் பூசணி, எல்லாம் அன்று காலையில் பறித்தவை போலவே இருந்தன. இதைக் கேட்டு அந்தக் கட்டடத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. எல்லா வீட்டிலும் அதுதான் நிலவரம். தண்ணீர் காலையில் வரும், லிஃப்ட் பாதி நாள் ஓடாது, காய் வாடாது.

வருமானம் குறைந்த வயதானவர்களுக்கென்று குறைந்த வாடகைக்கு விட்ட கட்டடம் அது. ஒரு வீடென்றால் ஒரே அறை, ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் முதுகு தெரியும். காய்கறி வாங்க இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்களுக்கே அது பெரும்பாடு. அதனால் பெரும்பாலானவர்கள் டீயும் ரொட்டியுமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இது காதில் விழுந்து, ஓர் அறக்கட்டளை வியாழக்கிழமைதோறும் ஒரு வண்டியில் இலவசமாகக் காய்கறி அனுப்ப ஆரம்பித்தது. வண்டியை ஓட்டி வந்தவர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கண்டக்டரம்மா.

கண்டக்டரம்மாவுக்கு வாசலில் நின்று பையை நீட்டிவிட்டுப் போகத் தெரியாது. படிக்கட்டில் தொங்குகிறவர்களைப் பார்த்து உள்ளே போ, உள்ளே போ என்று ஆயுள் முழுக்கக் கத்திய தொண்டை அது. வாசல்படியில் யார் நின்றாலும் அவருக்குப் பொறுக்காது, நிற்பது அவராகவே இருந்தாலும். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போவார், கட்டிலிலோ கவிழ்த்த வாளியிலோ உட்காருவார், பையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு காயாக எடுத்துக் கொடுத்தபடி பேசுவார். கல்யாண கோஷ்டி ஒன்று தப்பான பஸ்ஸில் ஏறி யாரோ வேறு மாப்பிள்ளைக்கு மாலை போட்டுவிட்டு வந்த கதையைச் சொல்வார். முட்டி வலி எப்படி, ராத்திரி தூக்கம் வந்ததா என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பார். பேசியே பல நாளானவர்களுக்குப் பதில் வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒரு பத்து வீட்டுக்குக் காய் கொடுக்க அவருக்குப் பொழுது சாய்ந்துவிடும்.

காய் வாடாததற்குக் காரணம் இந்தப் பேச்சுதான் என்று தெரியவந்தது அவருக்குத் தொண்டை கட்டிய வாரத்தில். குரல் சுத்தமாக எழும்பவில்லை. முகக்கவசம் கட்டிக்கொண்டு பைகளை வாசலில் வைத்துவிட்டுக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கப் பீன்ஸ் துவண்டது, கீரை கறுத்தது, வெள்ளரிக்காய் கிழவன் கன்னமாகிவிட்டது. அடுத்த வாரம் குரல் திரும்பியதும் காய்களும் பழையபடி நிமிர்ந்து நின்றன. ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது. ஃப்ரிட்ஜ் வைத்திருந்த இரண்டு பேர் அதில் துணிகளை மடித்து வைத்தார்கள்.

இப்படியே சில வருடங்கள் நிம்மதியாகப் போயின. கெடுத்தது கீழ்த்தள லைன்மேன். மின்சார இலாகாவில் கம்பம் ஏறிய மனிதர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். அறக்கட்டளையின் மேலாளர் ஒருநாள் பார்வையிட வந்தபோது, போன மாதத்து வெள்ளரிக்காயை அவர் கண்ணெதிரே படக்கென்று உடைத்துக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார். மேலாளர் கெட்டவர் இல்லை, சொல்லப்போனால் ரொம்ப நல்லவர். ஊருக்கு மறுகோடியில் இதே மாதிரிக் கட்டடங்களில் ஒரு கீரை இலையைக்கூடப் பார்க்காமல் கிழடுகள் கிடக்கின்றனவே என்று தூக்கம் கெட்டவர். காய் கெடாது என்றால் இங்கே வாராவாரம் எதற்கு வர வேண்டும்? பருவத்துக்கு ஒரு முறை மூட்டையாகக் கொடுத்துவிட்டு, வண்டியை மறுகோடிக்குத் திருப்பலாம். நியாயமாகத்தான் பட்டது. கூட்டம் போட்டுக் கேட்டபோது எல்லோரும் தலையாட்டினார்கள். காஜாக்காவும் ஆட்டினார்.

காஜாக்கா மூன்றாம் மாடி. சட்டைக் கம்பெனியில் முப்பது வருடம் காஜா எடுத்தவர், அதாவது பொத்தான் துளைகளுக்கு நூல் கட்டியவர். வாயைத் திறந்து யாரிடமும் எதையும் கேட்டதில்லை. கம்பெனியில் ஊசி முறிந்தால்கூட வீட்டிலிருந்து கொண்டுவந்தாரே தவிர மேஸ்திரியிடம் கை நீட்டியதில்லை. வெளியூரில் ஒரு மகன். அவன் போன் செய்து சாப்பிட்டியாம்மா என்பான், சாப்பிட்டேன் என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுவான். பாவம், அவனுக்கு ஆயிரம் வேலை. அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த ஒரே மனுஷி கண்டக்டரம்மாதான்.

மழைக்காலத்தில் மூட்டை வந்தது. கண்டக்டரம்மா மூச்சு வாங்க ஏறி வந்து, ஒரு பருவத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டுப் போனார். முதல் வாரம் காஜாக்கா ஒழுங்காகத்தான் சமைத்தார். பிறகு ஒருநாள் பூசணியை நறுக்கக் கத்தியை எடுத்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பூசணியை மடியில் வைத்துக்கொண்டுதானே அவள் அந்தக் கல்யாண கோஷ்டி கதையைச் சொன்னாள்! இந்தக் கீரைக்கட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதானே, உங்க கண்ணு ஏன் இப்படிச் சிவந்திருக்கு என்று கேட்டாள். இதைச் சாப்பிட்டுவிட்டால் அப்புறம்? ஒரு தக்காளியை மட்டும் எடுத்தார். அடுத்த வாரம் அதையும் விட்டார். டீ இருந்தது, ரொட்டி இருந்தது. காலையில் எழுந்து மேடையைப் பார்ப்பார், எல்லாம் பச்சைப்பசேலென்று இருக்கும், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். உடைகள் தொளதொளத்தபோது பக்கத் தையலைப் பிரித்துப் பிடித்துத் தைத்தார். பிறகு மறுபடியும் பிடித்தார். கைதேர்ந்த தையல், யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

வெயில் காலம் பிறந்ததும் அடுத்த மூட்டையோடு கண்டக்டரம்மா வந்தார். மேடையைப் பார்த்தவுடன் முகம் மலர்ந்தது. பிறகு காஜாக்காவின் மணிக்கட்டைப் பார்த்தார்.

"என்னக்கா இது, போன தடவை குடுத்தது அப்படியே இருக்கு?"

"வாடலையே, இருக்கட்டும்."

"அது வாடலக்கா. நீங்கதான் வாடிப் போயிருக்கீங்க."

காஜாக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டரம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வழக்கம்போலப் பதிலுக்குக் காத்திருந்தார். இந்த முறை ரொம்ப நேரம் ஆயிற்று.

"சாப்பிட்டா தீர்ந்துடும்" என்றார் காஜாக்கா கடைசியில். "தீர்ந்துட்டா, நீ வந்துட்டுப் போனதுக்கு இந்த வீட்ல ஒண்ணும் மிஞ்சாது."

கண்டக்டரம்மா அழுதுவிட்டார். நெரிசலில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியும் அழாதவர் அவர். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு கோபமாகவே பேசினார். "ஐயோ அக்கா, மிஞ்சிக் கிடந்தா என்னை எதுக்கு அனுப்புவாங்க? தீர்ந்தாத்தானே நான் வர முடியும்? சாப்பிடுங்க. தீர்த்துட்டு, தீர்ந்துபோச்சுன்னு ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க."

"நான் யார்கிட்டயும் எதுவும் கேட்டதில்ல."

"தெரியும். அதான் கேக்கச் சொல்றேன்."

அன்று இருவருமாகப் பூசணியை நறுக்கினார்கள். கத்தி பட்டதும் பிஞ்சு வாசனை வந்தது. அந்தக் கீரைக்கட்டும் சட்டியில் போட்டவுடன் மற்ற எல்லாக் கீரையையும் போல ஒரு பிடியாகச் சுருங்கியது. காஜாக்கா இரண்டாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டார். மற்ற வீடுகளுக்கு ஏறிப் போன கண்டக்டரம்மா அங்கேயும் கிட்டத்தட்ட இதே கூத்தைப் பார்த்தார். லைன்மேன் வீட்டில் ஒரு முட்டைக்கோஸ் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டினார், ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வாய் சாப்பிட்டார்.

காஜாக்கா மூட்டை முழுவதையும் தீர்த்தார். கடைசி கேரட்டைத் தின்ற மறுநாள் காலையில் மேடை வெறுமையாக இருந்தது. எப்போதும் இல்லாத பயம் வந்தது அவருக்கு. போனை எடுத்தார், துடைத்தார், வைத்தார். குளித்துவிட்டு வந்தார். நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டார், போனில் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்திருந்தும். அப்புறம்தான் எண்ணை அழுத்தினார்.

"சார், மூணாவது மாடியிலேர்ந்து பேசறேன். காய் தீர்ந்துபோச்சு."

மேலாளருக்குப் புரியவில்லை. "அதுக்குள்ளயாம்மா? அது வாடாதே?"

"வாடாது சார். சாப்பிட்டுட்டேன்." போனை வைத்துவிடத் தோன்றியது, வைக்கவில்லை. "ஆள் அனுப்புங்க. வர்றவங்க வாசல்ல வெச்சுட்டுப் போகக் கூடாது. உள்ள வந்து கொஞ்ச நேரம் உக்காரணும்."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. மகனைப் போல இவரும் வைத்துவிட்டார் என்றுதான் காஜாக்கா நினைத்தார். இல்லை, மேலாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "சரிம்மா, வேற என்ன? உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார், கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அடுத்த சில நாட்களில் அந்தக் கட்டடத்திலிருந்து ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். லைன்மேன் மட்டும், தான் செய்த வேலைக்கு வெட்கப்பட்டு, குரலை மாற்றிப் பேசினார்.

வியாழக்கிழமை வண்டி மறுபடியும் வர ஆரம்பித்தது. மறுகோடிக் கட்டடங்களையும் விட முடியாதே என்று மேலாளர் பழைய வண்டி ஒன்றைக் கடன் வாங்கித் தானே ஓட்டிக்கொண்டு போனார். பேச்சுப் பழக்கம் இல்லாத மனிதர். டீசல் விலையையும் மழை அளவையும்தான் பேசுவாராம். அவர் கொடுத்த கீரை முதலில் இரண்டு நாள்தான் தாங்கியது, இப்போது ஒரு வாரம் தாங்குகிறது என்று கேள்வி. காஜாக்காவுக்குத் தையல் பிரித்துவிடும் வேலை சேர்ந்துவிட்டது, பிடித்துத் தைத்ததெல்லாம் உடம்பைப் பிடிக்கிறது. மூன்றாம் மாடியில் காய் இப்போதும் வாடுவதில்லை என்றுதான் சொல்கிறார்கள். நேரில் பார்த்துச் சொல்ல வழியில்லை. புதன்கிழமை ராத்திரிக்கு மேல் அங்கே ஒரு கொத்தமல்லித் தழைகூட மிஞ்சுவதில்லை.