கிட்டங்கிக் கதவு

நூர்பானு இடியாப்ப உரலை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே சேவகன் அடுப்பில் தண்ணீரை ஊற்றினான். சாம்பல் எழும்பி அவள் முகத்தில் அடித்தது. அவனுக்குப் பின்னால் முனிசிபாலிட்டி சுகாதார இன்ஸ்பெக்டர் நம்பி நின்றார். வெந்து இறக்கிய இடியாப்பத்தின் மேல் பினாயில் புட்டியை அவரே கவிழ்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மார்க்கெட்டுக்குக் காய் வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

"இனிமே இங்க அடுப்பு மூட்டக் கூடாது. உன் கையால தின்ன ஒருத்தன் செத்துப்போனான்."

"யாரு சாமி?"

"அரிசிக் கிட்டங்கியில மூட்டை தூக்குற இருளப்பசாமி. இன்னும் ரெண்டு பேரு வாந்தி பேதியில கெடக்காங்க."

முந்தின நாள் காலையில் அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தேங்காய்ப்பால் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தின்றவன் அவன்.

"எனக்குந்தான் வயிறு சரியில்ல சாமி. அரிசி சேக் முகைதீன் மொதலாளி கிட்டங்கியில வாங்குனது. என்னமோ வாடை வருதேன்னு கேட்டேன். ரங்கூன் அரிசி அப்பிடித்தான் இருக்கும்னுட்டாவ. அங்க போயிப் பாருங்க."

கூட்டத்தில் இரண்டொருவர் ஆமாம் என்றார்கள். நம்பி அரைமனதாகத் திரும்பி நடந்தார். நூர்பானு ஈரச் சேலையோடு பின்னாலேயே போனாள். கிட்டங்கி வாசலில் சேக் முகைதீன் சிரித்த முகமாய் நின்றார். அவர் முனிசிபாலிட்டியில் கவுன்சிலரும்கூட. இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்ததும் இரண்டு கதவுகளும் சாத்தப்பட்டன. தாழ் போடும் சத்தம் கேட்டது.

வெயில் ஏறிய பிறகுதான் கதவு திறந்தது. நம்பி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். உள்ளேயிருந்து நன்னாரி சர்பத் மணம் வந்தது.

"அரிசியில குத்தமில்ல. சமைச்சதுலதான் குத்தம்."

"எந்த மூட்டையப் பிரிச்சிப் பாத்தீக சாமி? எங்க கண்ணு முன்னால ஒண்ணே ஒண்ணப் பிரிங்க."

"அது ஆபீஸ் விசயம். ஒங்கிட்டச் சொல்லணும்னு ஒரு சட்டமும் இல்ல."

"என் இடியாப்பத்த நடுத் தெருவுல வச்சுல்ல கொட்டுனீக? அது மட்டும் ஊரு விசயமா?"

நம்பி சேவகனைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் இருளப்பசாமியின் பெண்டாட்டி முத்துப்பேச்சி வந்தாள். தலைமுடியை முடியாமல் நூர்பானு வீட்டு வாசலில் நின்றாள்.

"ஏட்டி, என்னத்தக் கலந்து எம் புருசனுக்குக் குடுத்த?"

நூர்பானு உள்ளே போனாள். மிச்சமிருந்த அரிசியைச் சுளகில் கொட்டி அவள் முன்னால் வைத்தாள். "இதத்தான் இடிச்சேன். வாடை அடிச்சும் இடிச்சேன். அது என் குத்தந்தான். வேற ஒண்ணும் கலக்கல முத்துப்பேச்சி."

முத்துப்பேச்சி அரிசிக்குள் கையை விட்டாள். விரலில் வெள்ளையாய் ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். நாக்கில் வைத்தாள், துப்பினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சுண்ணாம்பு" என்றாள். "கப்பல்லயே நனைஞ்ச மூட்டையாம். சாத்தூருக்கு ரயில்ல வந்து எறங்கயிலயே கறுத்துக் கெடந்துச்சாம். கிட்டங்கி முத்தத்துல காயப்போட்டு, கறுப்புத் தெரியாம சுண்ணாம்பத் தூவித் தேய்க்கச் சொல்லி மொதலாளி சொன்னதா எம் வீட்டுக்காரவுக சொன்னாவ. தேச்சித் தேச்சி உள்ளங்கைத் தோலு உரிஞ்சிபோச்சு. நாந்தான் எண்ணெ தடவிவிட்டேன். அந்த அரிசியவே ஒங்கிட்ட வந்து தின்னுருக்காவ, தெரியாம."

தெருவில் ஆடுகள் திரும்பிக்கொண்டிருந்தன.

"நாளைக்கு முனிசிபாலிட்டியில கவுன்சில் கூடுதாம்" என்றாள் நூர்பானு. "இந்த அரிசிய அங்க போயிப் பொங்குவோம்."

"நான் துட்டி வீட்டுக்காரி. வெளிய வரக்கூடாதும்பாக."

"வரலேன்னா?"

முத்துப்பேச்சி எழுந்து முடியை அள்ளி முடிந்தாள். "வாரேன்."

மறுநாள் முனிசிபாலிட்டி வாசலுக்கு நேரே மூன்று கற்களை வைத்து நூர்பானு அடுப்பு மூட்டினாள். முத்துப்பேச்சி விறகைத் தள்ளிவிட்டாள். உலை கொதித்து அரிசி வேக ஆரம்பித்ததும் நாற்றம் கிளம்பியது. நனைந்த சாக்கை மூடிவைத்துத் திறந்தது போன்ற நாற்றம். தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஆனால் போகாமல் நின்றார்கள். நெசவுத் தெருவிலிருந்து பெண்கள் வந்தார்கள். தங்கள் வீட்டு அரிசியும் இதே வாடைதான் என்று ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்.

கூட்டத்தைப் பார்த்து நம்பி வெளியே ஓடிவந்தார். பின்னால் சேக் முகைதீன்.

"யாரக் கேட்டு இங்க அடுப்பு வச்ச?"

நூர்பானு வாழையிலையில் இரண்டு அகப்பை சோறு போட்டு நீட்டினாள். நீர் மஞ்சளாய் இலையில் ஓடியது. "குத்தமில்லாத அரிசின்னு நீங்கதான சொன்னீக. சமைச்சதும் ஒங்க முன்னாலதான். ஒரு வாய் தின்னுங்க சாமி."

நம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தின்ன வேண்டாம். அந்தக் கதவத் தொறங்க. ஊரு பாக்க மூட்டையப் பிரிங்க. நல்ல அரிசியா இருந்தா எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க."

"தொறங்க!" என்று கூட்டத்தில் பல குரல்கள் எழுந்தன.

சேக் முகைதீன் அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "நூரு, நம்ம ஜனமே நம்மளக் காட்டிக் குடுக்கலாமா? பள்ளிவாசல்ல எம் மொகத்துல எப்படி முழிப்ப?"

"இருளப்பசாமி யாரு ஜனம் மொதலாளி? ஒங்க மூட்டைய அம்புட்டு வருசம் முதுகுல சொமந்தானே, அவன்?" அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "பள்ளிவாசல்லயும் இதத்தான் சொல்லுவேன்."

அவர் முகம் கறுத்தது. நம்பி வாசலில் நின்ற போலீஸ்காரனுக்குக் கண்ணைக் காட்டினார். பொதுவழியில் தீ மூட்டிய குற்றம் என்றார்கள். சேவகன் அடுப்பைக் காலால் கலைத்தான். போலீஸ்காரன் நூர்பானுவின் கையைப் பிடித்து இழுத்தபோது, "விடு, நானே வாரேன்" என்று உதறிவிட்டு முன்னால் நடந்தாள். முனிசிபாலிட்டிக் கதவு உள்பக்கமாய்ச் சாத்திக்கொண்டது.

போலீஸ் டேசனில் அவளைத் தெருவைப் பார்த்த கம்பிக்கு உள்ளே வைத்தார்கள். உச்சிப்பொழுதில் கிட்டங்கிப் பக்கமிருந்து வண்டிகள் வரும் சத்தம் கேட்டது. வைக்கோல் மூடிய மூட்டை வண்டிகள், ஒன்றன் பின் ஒன்றாக, ராஜபாளையம் பாதையில் திரும்பின. வைக்கோல் விலகிய இடத்தில் சாக்கின் கறுத்த மூலை தெரிந்தது. முன் வண்டிக்கு வழிவிடச் சொல்லி டேசன் வாசலில் நின்ற போலீஸ்காரன் கூட்டத்தைத் தள்ளினான்.

நூர்பானு கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஏலே வண்டிக்காரா! எறக்குன எடத்துல மொதல்ல ஒரு பிடி பொங்கிப் பாக்கச் சொல்லுலே!"

"உக்காரு" என்று போலீஸ்காரன் தடியால் கம்பியில் அடித்தான். அவள் உட்காரவில்லை.

கடைசி வண்டிக்குப் பின்னால், புழுதிக்குள், முத்துப்பேச்சி போய்க்கொண்டிருந்தாள். அவள் தலையில் சோற்றுப் பானை இருந்தது. வண்டிக்காரன் திரும்பித் திரும்பிச் சாட்டையை ஓங்கினான். அவள் பானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வண்டியை எட்டிப் பிடிக்க நடையை வேகமாய்ப் போட்டாள்.